விந்தணு கொண்டுவருவது மரபணு மட்டுமா? கருவியலாளரின் கேள்வி பதில்

(புதுச்சேரிக் கருத்தரிப்பு ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் கருவியலாளர் பதிலளிக்கிறார்.)

மஞ்சக்குப்பம் வாசகி: இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்தும் ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை. விந்தணுவை உள்ளேயே செலுத்திய பிறகு அது எப்படித் தவறும்?

பதில்: செலுத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, அம்மா. முட்டை தன் செல்பிரிவைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கிறது. அதை எழுப்புவது விந்தணுத் தலையிலுள்ள பிஎல்சி ஸீட்டா என்னும் புரதம். 2002இல் அடையாளம் காணப்பட்ட இப்புரதம் முட்டைக்குள் கால்சியத்தை மணிக்கணக்கில் அலையலையாக எழச் செய்கிறது. இதற்காகவே ஊசி முனையால் விந்தணுவின் வாலை அழுத்தி, அசைவை நிறுத்தி, சவ்வைச் சிதைத்த பிறகு உள்ளே விடுகிறோம். சவ்வு சிதைந்தால்தான் புரதம் எளிதில் வெளிப்படும். 16 முதல் 18 மணி நேரத்துக்குப் பின் பார்க்கும்போது இரண்டு முன்கருக்கள் (முட்டையிலிருந்து ஒன்றும் விந்தணுவிலிருந்து ஒன்றுமாக உருவாகும் உட்கருக்கள்) அருகருகே தெரிய வேண்டும். எந்த முட்டையிலும் தெரியாவிட்டால் இப்புரதக் குறைபாடோ முட்டையின் முதிர்ச்சிக் குறைவோ காரணமாகலாம். அடுத்த முறை முட்டைக்குள் கால்சியத்தை உயர்த்தும் கால்சியம் அயனோஃபோர் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு தூண்டுவது உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை) 2 கோடி. போதுமா?

பதில்: மில்லிலிட்டருக்கு என்றால், உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ்வரம்பு 1.6 கோடி. அசைவையும் வடிவத்தையும் நீங்கள் எழுதவில்லை.

பண்ருட்டி வாசகர்: ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். கவுண்ட் கூடுமா?

பதில்: குறையும். வெளியிலிருந்து வரும் ஹார்மோன் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியின் ஏவலை அடக்கி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

கடலூர் விலங்கியல் மாணவர்: விந்தணு சென்ட்ரியோலையும் (செல்பிரிவின்போது நுண்குழல்களை ஒழுங்குபடுத்தும் நுண்ணுறுப்பு) தருகிறது என்று சென்ற முறை சொன்னீர்கள். எலிக்கரு அது இல்லாமலே பிரிகிறதே?

பதில்: உண்மைதான், தம்பி. எலியின் விந்தணு முதிரும்போதே சென்ட்ரியோல்களை இழந்துவிடுகிறது. எலியை வைத்து மனிதக் கருவை எடைபோட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மனித முட்டை தன் சென்ட்ரியோல்களை முன்பே களைந்துவிடுவதால், விந்தணு கொண்டுவருவதைச் சுற்றி நுண்குழல்கள் விரிந்து இரு முன்கருக்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன.

அதே மாணவர்: விந்தணுவே இல்லாமல் செயற்கையாகத் தூண்டிய மனித முட்டைகளும் பிளாஸ்டோசிஸ்ட் (கரு கருப்பையில் பதிவதற்கு முந்தைய நிலை) வரை வளர்ந்திருக்கின்றனவே! அப்படியானால் விந்தணுவின் சென்ட்ரியோல் எதற்கு?

பதில்: நல்ல அடி. ஆனால் பிரிய முடிகிறது என்பதும் குரோமோசோம்கள் பிசகாமல் பிரிகின்றன என்பதும் வேறு வேறு. அது இன்றியமையாதது என்பதை விட்டுக்கொடுக்கிறேன். இயல்பான கருவுறுதலில் அதன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முத்தியால்பேட்டை வாசகர்: விந்தணுவுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டே, அவை தந்தை வழி வராதா?

பதில்: நடுப்பகுதியில் சில பத்து இருக்கும். அவை முட்டைக்குள் நுழைந்தாலும், யுபிக்விட்டின் என்னும் புரதத்தால் குறியிடப்பட்டு அழிக்கப்படுகின்றன.

அரியாங்குப்பம் வாசகி: ஆண் குழந்தை பிறக்காததற்கு மாமியார் என்னையே குறை சொல்கிறார்.

பதில்: எக்ஸ் குரோமோசோமையோ ஆண் பாலினத்தைத் தீர்மானிக்கும் ஒய்யையோ கொண்டுவருவது விந்தணு, இப்பதிலை அவருக்கே படித்துக்காட்டுங்கள். பாலினத்தைத் தேர்ந்தெடுக்க வழி கேட்டு எழுதியிருக்கும் மற்றவர்களுக்கு: 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

வில்லியனூர் வாசகர்: கவுண்ட் 1.8 கோடி. போதுமா?

பதில்: நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதே.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: நானும் ஜிம் ஊசி போட்டவன்தான். நிறுத்திவிட்டேன். எப்போது மறுபரிசோதனை?

பதில்: ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்குள் மீளாவிட்டால் சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) போங்கள், கவுண்ட் பவுடர் விற்பவரிடம் போகாதீர்கள்.