கராஜ் பக்கம்: கூட்டிப்போட்ட ஒரு பட்டை

கேள்வி: என்னிடம் 1968ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஸ்பிட்பயர் மார்க் 3 இருக்கிறது. அடி தட்டுவதால் போன வருடம் பின் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டிப்போட்டேன். இப்போது 1600 சிசி ஜப்பான் எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது, அதை ஏற்றலாமென்று யோசிக்கிறேன். சென்ற மாதம் செங்கலடியால் பதுளைக்குப் போனபோது லுணுகலைப் பக்க வளைவொன்றில் பின்பக்கம் வெட்டி, கார் அரைவட்டம் சுழன்று நின்றது. எஞ்சின் மாற்றும்போதே பின் சஸ்பென்ஷனையும் சரிசெய்ய என்ன செய்யலாம்?
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, இங்கே நான் சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் எஞ்சினுக்கு ஒன்றரைப் பக்கம், பட்டை கூட்டியதற்கு ஒரு வரி. அந்த ஒரு வரியால்தான் கார் சுழன்றது. எஞ்சின் கதை பிறகு.

ஸ்பிட்பயர் வந்தது 1962இல். அதன் பின்பக்க அமைப்பு 1959இல் வந்த ட்ரயம்ப் ஹெரால்டிலிருந்து எடுத்தது. எஞ்சின் வலுவை இரண்டு பின்சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் பெட்டி சேசிஸோடு இறுகியிருக்கும். அதன் தலையில் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், அதன் இரண்டு நுனிகளிலும் இரண்டு சில்லுகள். ஒவ்வொரு பக்க அச்சுக்கும் உள்முனையில் மட்டுமே யூனிவர்சல் மூட்டு. கதவு பிணைச்சலில் ஆடுகிற மாதிரி அச்சும் சில்லும் சேர்ந்து அந்த மூட்டில் ஆடும். அதனால் காரின் பின்பக்கம் உயர்ந்தால் சில்லின் அடி உள்ளே மடியும், தலை வெளியே சாயும். ரயர் அகலமாகப் பதியாமல் ஓரத்தில் நிற்கும்.

வளைவுக்குள் வேகமாகப் போயிருப்பீர்கள். பயத்தில் அக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்திருப்பீர்கள். பாரம் முன்னே போக, பின்பக்கம் கிளம்ப, வெளிச்சில்லு காருக்கு அடியில் மடிந்துவிட்டது. இந்தக் காரின் பிறவிக்குணமே அதுதான். நீங்கள் ஒரு பட்டையைக் கூட்டி, நிற்கும்போதே சில்லை அந்த மடிப்பில் பாதித்தூரம் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

உங்களை ஏசவில்லை. 80களின் தொடக்கத்தில் கல்முனையிலிருந்து ஒரு ஹெரால்ட் வந்தது, வயல் ரோட்டில் அடி தட்டுகிறது என்று. லொறிப் பட்டை ஒன்றை வெட்டித் துளைபோட்டு நானே உள்ளே வைத்தேன். கார் பின்னழகைத் தூக்கிக்கொண்டு நின்றது, எனக்கும் பெருமைதான். இரண்டு கிழமைக்குள் களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. நல்ல காலம், யாருக்கும் காயமில்லை. காசு வாங்காமல் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஏன் அப்படி நடந்தது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் காத்தான்குடியில் லேத் வைத்திருந்த ஒரு காக்கா. தீப்பெட்டியில் இரண்டு குச்சியைக் குத்தி, பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

முதலில் அளந்து பாருங்கள். காரைச் சமதரையில் விட்டு, இரண்டு சீட்டிலும் ஆட்களை இருத்துங்கள், ஆளில்லாவிட்டால் அரிசி மூட்டை. ஜக்கில் இருந்து இறக்கிய கையோடு அளக்கவேண்டாம். சில்லு மடிந்தபடியே நிற்கும், காரை நாலைந்து மீற்றர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் தன் நிலைக்கு வரும். பிறகு மேசன்மாரின் தூக்குக்குண்டைச் சில்லுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, நூலிலிருந்து றிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரத்தை எடுங்கள். உங்களுடையது 13 அங்குல றிம். 6 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 பாகை. மேல்விளிம்பு ஒன்று, ஒன்றரைப் பாகை உள்ளே சாய்ந்திருந்தால் நல்லது. உங்கள் காரில் வெளியே சாய்ந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கூட்டிய பட்டையைக் கழற்றுங்கள். இன்னும் தாழ்த்தவேண்டுமென்றால், டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு அலுமினியக் கட்டை வைத்து, நீளமான ஸ்டட் போடலாம். ஸ்பிரிங் உயர, கார் தாழும், சில்லின் தலை உள்ளே வரும். லேத்தில் செய்விக்கலாம், செலவு குறைவு. அடி தட்டுமே என்பீர்கள். தட்டட்டும், மெதுவாகப் போங்கள்.

இதைவிட நல்ல வழியைக் கம்பெனியே 1970இல் மார்க் 4இல் செய்தது. அந்த ஸ்பிரிங்கில் ஒரு பட்டைதான் இறுக்கமாக இருக்கும், மற்றவை நடுவில் ஊசலாடும். வளைவில் உடம்பு சாயும்போது பின்பக்கம் முரண்டு பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து அதை வரவழைக்கலாம். ஆனால் வளைவில் உடம்பு சாயாமல் பிடிக்கிற கம்பியான முன்பக்க அன்ரி-ரோல் பாரையும் தடித்ததாக மாற்றவேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கார் படகு மாதிரிச் சாயும்.

இன்னொன்று. நீங்கள் கடற்கரைப் பக்கம். பின்சில்லை முன்னே பின்னே அசையாமல் பிடிக்கிற தடி, சீட்டுக்குப் பின்னால் உடம்புத் தகட்டில் மாட்டியிருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி அந்த இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப்பாருங்கள். உப்புக்காற்று தின்ற தகடு பிஸ்கட் மாதிரி உடையும். உடைந்தால் ஸ்பிரிங் வேலைக்கு முன் வெல்டிங் வேலை. அச்சு மூட்டு மாற்றக் கழற்றுவீர்களென்றால் பின் ஹப்பைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். அது கூம்பில் இறுகியிருக்கும். சரியான புல்லர் இல்லாமல் அதோடு மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சரி, எஞ்சின். உங்கள் 1296 சிசி எஞ்சின் புதிதில் கொடுத்தது 75 குதிரைவலு. டிஃபரன்ஷியலும் அச்சு மூட்டுகளும் அந்த அளவுக்குச் செய்தவை. 1600 எஞ்சினை வைத்தால் அடுத்தடுத்து அவை போகும். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் நடக்கவேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

உள்ளதையே பாருங்கள். ஒருவரைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்பக்கம் கிராங் தண்டின் நுனியில் பெல்ட் ஓடுகிற புலியைக் (pulley) கவனியுங்கள். மிதிக்கும்போதெல்லாம் புலி கண்ணுக்குத் தெரிய முன்னே வந்தால் கிராங்கை முன்பின் அசையாமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. கிராங்கின் ஆட்டம் 4 முதல் 8 தவுக்குள் (தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கவேண்டும். அந்த அரைநிலா வாஷர் ஒருநாள் ஒயில் தட்டத்துக்குள் விழும், பிறகு கிராங் புளொக்கையே அரைக்கும். ட்ரயம்ப் எஞ்சின்களின் பழைய வியாதி அது. அது சரியென்றால் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரிலும் திரொட்டில் தண்டு தேய்ந்து காற்றிழுக்கிறதா என்று பாருங்கள். ‘சக்தியில்லை’ என்று வருகிற பழைய கார்களில் பாதிக்கு அதுதான் காரணம். ஹெட்டைச் சீவினால் கொஞ்சம் வலு கூடும், ஆனால் 95 பெற்றோல் அடிக்கவேண்டும். ஹெட் கழன்ற நேரத்திலேயே கடினமான வால்வ் சீட் போட்டுவிடுங்கள். பழைய சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெற்றோல் 2002உடன் நின்றுவிட்டது.

கேள்வி: தவளைக்கண் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைட் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். மொரிஸ் மைனர் 1000இன் 1098 எஞ்சின் அதற்குப் பொருந்துமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் ஒரே குடும்பம். உங்கள் 948உம் மைனரில் 1962இலிருந்து வந்த 1098உம் ஏ சீரிஸ் எஞ்சின்தான். மைனர் சாமான் நம் நாட்டில் இன்னும் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். 1098இன் கிளச் பெரிது, தாங்கிகளும் வேறுபடலாம். இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே காசைக் கொடுங்கள். ஸ்ட்ரோக் நீளம் என்பதால் கீழ்வேகத்தில் நன்றாக இழுக்கும், உச்சத்தில் சுழற்றினால் முனகும். மைனரின் ஒற்றைக் கார்புரேட்டரை எறிந்துவிட்டு உங்கள் இரட்டையையே மாட்டுங்கள்.

உங்களுக்கும் பின்பக்கம்தான் முக்கியம். முதல் ஸ்பிரைட்டுகளில் கால்வட்டப் பட்டை ஸ்பிரிங். ஒரு முனை தரைத்தகட்டில் உள்ள பெட்டிக்குள் செருகியிருக்கும், மறுமுனை அச்சைத் தாங்கும். பாரம் முழுவதும் அந்தப் பெட்டியில். அது துருப்பிடித்திருந்தால் எந்த எஞ்சினும் வேண்டாம். காரை அடியில் படுத்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை.

கேள்வி: அப்பாவின் ஹெரால்டை 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் நிறுத்தினோம். இப்போது எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. வேறு எஞ்சின் போடலாமா?
– வாசகி, கல்முனை

பதில்: அவசரப்படாதீர்கள் தங்கச்சி. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய ஒயில் கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, ஒரு ஆள் காரை முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கட்டும். ஸ்டார்ட்டரைத் தொடவேண்டாம். அசைந்தால் பழைய ஒயிலை வடித்துப் புதிது ஊற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஒரு கிழமை.