முதலாளி சரி சொன்னால் போதுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைங்க. ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் (மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி கொடுக்கும் குழு) பொதுமக்கள் சார்பில் உறுப்பினர். பனியன் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களிடம் ரத்தசோகை ஆய்வு செய்ய ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. நிர்வாகம் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டது, அதுவே போதும் என்கிறார் ஆய்வாளர். மற்ற கல்லூரிக் குழு உறுப்பினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் விண்ணப்பத்தைப் படம் எடுத்துப் போட்டுக் கருத்துக் கேட்கலாமுங்களா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மணி, படம் மட்டும் வேண்டாம். குழுவில் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, அது சும்மா சடங்குக்கு இல்லை. பெயரை மறைத்தாலும் பத்தாது. ‘பல்லடம் ரோட்டில் ஹாஸ்டல் வைத்திருக்கும் கம்பெனி’ என்று எழுதினால், அங்கே மேனேஜர் யார் வீட்டு மாப்பிள்ளை என்பது வரை நம்மவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர், தொழில், நோய் மூன்றையும் எடுத்துவிட்டு, ‘வேலை கொடுப்பவர் அனுமதித்துவிட்டார், தொழிலாளியின் சம்மதம் பற்றி நீங்கள் என்னென்ன கேட்பீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். நிர்வாகத்தின் கடிதம் ஆய்வாளரை கம்பெனி கேட்டுக்குள் விடத்தான். நிறுவனத்தின் அனுமதி தனி ஆளின் சம்மதத்துக்கு ஈடாகாது என்பதில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டி தெளிவாகவே இருக்கிறது. ஊசி ஏறப்போவது அந்தப் பெண்ணின் கையில், மேனேஜர் கையில் இல்லை. சம்மதம் வாங்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது, மாட்டேன் என்றால் ஷிப்டோ சம்பளமோ பாதிக்காது என்று படிவத்தில் இருக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது (இதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள், ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் ஆளை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?). ரத்தசோகை இருப்பவர்களுக்கு வைத்தியம் எங்கே என்றும் கேளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் இருந்தால் தமிழ்ப் படிவத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? ஒடியாவிலும் வேண்டும்.

வெளியே யார் என்ன சொன்னாலும் முடிவு உங்கள் கூட்டத்தில்தான். ‘அந்தக் கல்லூரியில் அனுமதித்துவிட்டார்களே’ என்பதெல்லாம் காரணமே ஆகாது. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 5 பேர் வேண்டும், மருத்துவம் சாராதவர்களும் சேர்த்து. அதனால் டாக்டர்கள் நடுவில் பேசத் தயங்காதீர்கள். விஷயம் புரியாவிட்டால் குழுவே வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைக்கலாம். அவரும் ரகசியக் கையெழுத்துப் போடுவார், ஓட்டு மட்டும் கிடையாது. நிபுணர் வேண்டுமென்றால் அதைக் குழுவின் உறுப்பினர் செயலரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கூட்டத்தன்று சொன்னால் நேரமில்லை என்பார்கள்.