குழாயின் மறுமுனை

அன்புள்ள ஐயா,

என் அப்பா கொத்தனார். துறையூர் பக்கம் எங்கள் ஊர். 14 வயதில் கையாளாகப் போனவர் 63 வயது வரை சாரம் ஏறினார். திருச்சியில் மட்டும் நாற்பது, ஐம்பது வீடுகள் கட்டியிருப்பார். போன மாதம் தன் 67-வது வயதில் காலமானார்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் என்ன போடுவது என்று கடைக்காரர் கேட்டார். "உழைப்பால் உயர்ந்தவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்றேன். அந்த வாசகம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது, போட்டோவை மட்டும் மாற்றினார். முப்பதாம் நாளுக்கு அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதி வாசிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதே இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் நான். பரிசளிப்பு விழா மாலை நாலு மணிக்கு. அப்பா வந்தபோது ஏழு மணி. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கணுக்கால் வரை கலவை காய்ந்து வெள்ளையாக இருந்தது. "காங்கிரீட்டுப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் முன்னால் நடந்தேன். அதைப் பற்றி நாங்கள் கடைசி வரை பேசவே இல்லை.

லீவு நாட்களில் மட்டம் பார்க்கிற டியூப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போவார். மற்றபடி அவரை எனக்குத் தெரியாது என்றே தோன்றுகிறது. நான் என்ன எழுதுவது?

(பெயர் வேண்டாம் ஐயா.)

*

அன்புள்ள தம்பி,

பேனரில் போட்டது பொய்யில்லை. அதற்காக வருத்தப்படாதீர்கள். துக்க வீட்டில் யாருக்கும் சொந்தச் சொல் வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் அப்பா இரண்டு இடத்தில் முழுசாக இருக்கிறார். ஒன்று அந்தக் கணுக்கால். இன்னொன்று நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன டியூப்.

முதலில் அந்த நாளைப் பார்ப்போம். "காங்கிரீட்டுப்பா" என்றாரே, அது ஒரு முழுப் பதில். அன்றைக்கு ஏதோ ஒரு வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். சிமென்டில் தண்ணீர் பட்டுவிட்டால் அப்புறம் அது யாருக்காகவும் காத்திருக்காது. அரை மணி நேரத்தைத் தாண்டினால் எந்த நேரமும் இறுகத் தொடங்கலாம். கூரையைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் பழையதும் புதியதும் ஒட்டாமல் கோடு விழும். ஐப்பசி மழையில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். அதனால் தொடங்கினால் அன்றே முடித்தாக வேண்டும். நடுவில் மிக்சர் மெஷின் மக்கர் பண்ணும், ஜல்லி வண்டி வராது, ஒரு தூறல் போடும். எது நடந்தாலும் நேரம் தள்ளிப்போகும். பாண்டு தூக்குகிற ஆட்கள் இறங்கிவிடலாம். மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்கிற கொத்தனார்தான் கடைசியாக இறங்க வேண்டும். மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அன்று காலை அவர் கிளம்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, கலவை காய்ந்த காலுக்கு வருகிறேன். வேலை நடக்கிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் இருக்காது. வேலை முடிந்ததும் கரண்டியைக் கழுவி, கை கால் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் எந்தக் கொத்தனாரும் வீட்டுக்குக் கிளம்புவார். கழுவாவிட்டால் சிமென்ட் தோலைத் தின்றுவிடும், விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். ஐம்பது வருஷம் அந்த வேலை செய்த மனிதருக்கு இது தெரியாதா? தொட்டி பக்கத்திலேயே இருந்தும் அவர் கழுவவில்லை. அதற்கு ஆகும் ஐந்து நிமிஷம்கூட அவரிடம் இல்லை. சாரத்திலிருந்து இறங்கியவர் நேரே உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்திருக்கிறார்.

மூன்று மணி நேரத் தாமதம் தாமதம்தான். பதினைந்து வயதுப் பையனுக்கு வலித்தது நியாயம். நீங்கள் முன்னால் நடந்ததும் தப்பில்லை. ஆனால் எழுதும்போது அந்தக் காலை எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் அப்பா கையாளாகச் சேர்ந்தது 1970-களின் தொடக்கமாக இருக்க வேண்டும். அப்போது சிமென்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. பெர்மிட் வாங்கி, மூட்டைக்கு அலைய வேண்டும். 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-ல்தான் முழுசாகப் போனது. அதுவரை நம் பக்கத்தில் நிறைய வீடுகள் சுண்ணாம்பில் எழுந்தன. மாடு சுற்றும் செக்கில் சுண்ணாம்பையும் மணலையும் அரைப்பார்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போடுகிற மெட்ராஸ் டெரஸ் கூரைக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். சுண்ணாம்புச் சாந்து பொறுமையானது. ஈரம் காயாமல் மூடி வைத்தால் மறுநாளும் ஆகும். அந்தப் பொறுமையில் தொழில் பழகிய கை, பிறகு சிமென்டின் அவசரத்துக்கு மாற வேண்டி வந்தது. உங்கள் அப்பா தலைமுறைக் கொத்தனார்கள் பலருக்கும் இது நடந்தது. யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை, அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் ஒரு நாளைக்கு நாலடிக்கு மேல் சுவரை ஏற்ற மாட்டார். சீக்கிரம் முடியுங்கள் என்று என் தகப்பனார் நச்சரிப்பார். "கீழ இருக்கிற கலவை காயணும்ங்க, பாரம் தாங்கணும்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாளைக்கான செங்கலைத் தொட்டியில் நனையப் போடப் போய்விடுவார். காய்ந்த செங்கல்லை வைத்தால் கலவையின் தண்ணீரை அது குடித்துவிடும், பிடிப்பு இருக்காது. அந்தச் சுவரில் இன்று வரை ஒரு விரிசல் இல்லை. புதுமனை புகுவிழாவில் வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு, பந்தியில் சாப்பிட்டுப் போனார். அதன்பின் ஒரு தடவைகூட அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. தெருவில் பார்த்தால் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்ப்பார். உங்கள் அப்பா திருச்சியில் பஸ்ஸில் போகும்போது எந்தெந்தத் தெருவில் ஜன்னல் பக்கம் திரும்பினார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவின் நலவாரிய அட்டையைத் தேடி எடுங்கள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லேயே வந்துவிட்டது, மத்தியச் சட்டம் 1996-ல்தான் வந்தது. இன்று கட்டடச் செலவில் 1 சதவீதம் இந்தத் தொழிலாளர்களுக்கென்று வசூலாகிறது. பதிவு செய்தவருக்கு 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. அப்பா வாங்கிக்கொண்டிருந்தாரா, அம்மாவுக்கு என்ன வர வேண்டும் என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். அது அவர் சம்பாதித்தது.

இனி டியூப். வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணாடி மாதிரித் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை ஒருவர் ஒரு சுவரில் பிடிப்பார், மறுமுனையை இன்னொருவர் அடுத்த அறைச் சுவரில் பிடிப்பார். நடுவில் வாசல் இருக்கலாம், மண் குவியல் இருக்கலாம், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். நின்றதும் பென்சிலால் கோடு. தரை, ஜன்னல், அதன் மேல் வரும் லிண்டல் எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் தப்பிவிடும். பிடிக்கிறவர் கை அசைந்தால் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும், கோடு போட முடியாது.

அதனால் டியூப் பிடிக்க யாரையாவது நிறுத்திவிட முடியாது. அவசரப்படாத ஆள் வேண்டும். அங்கே கையாள் இருந்தார், சித்தாள் இருந்தார். அவர்களை விட்டுவிட்டு லீவு நாளில் உங்களைக் கூட்டிப் போயிருக்கிறார். ஒரு வீட்டின் மொத்த மட்டத்தில் பாதியை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். அடுத்த அறையிலிருந்து அவர் குரல் மட்டும் வந்திருக்கும். "நின்னுச்சா?" என்றோ, உங்கள் ஊர் வழக்கில் வேறு எப்படியோ கேட்டிருப்பார். நீங்கள் "நின்னுச்சுப்பா" என்று சொன்ன பிறகுதான் அவர் கோடு போட்டிருப்பார்.

அவர் என்ன சொல்லிக் கேட்பார்? நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? முப்பதாம் நாள் கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.