பசுமைக்குடில் கூரையைப் பிய்த்தது டொர்னாடோவா?

கேள்வி: கட்டபெட்டு பக்கம் பசுமைக்குடிலில் கார்னேஷன் போட்டிருக்கிறோம். மே மாதம் ஒரு நாள் சாயங்காலம், மழைக்குச் சற்று முன்னால் பேய்க்காற்று அடித்தது. கூரை ஷீட் பிய்ந்து பறந்து கீழே தேயிலைத் தோட்டத்தில் விழுந்தது. பக்கத்துச் சில்வர் ஓக் மரங்களும் சாய்ந்துவிட்டன; எல்லாமே கிழக்குப் பார்த்துத்தான் விழுந்திருக்கின்றன. ‘இது டொர்னாடோ, இனி அடிக்கடி வரும்’ என்கிறார்கள். அமெரிக்காவில் அடிக்கடி வருகிறதே, அதுபோல நம் மலையிலும் வருமா? குடிலை மறுபடி போடலாமா?
— கோத்தகிரி வாசகி

பதில்: தைரியமாகப் போடுங்கள். மரங்கள் ஒரே திசையில் விழுந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டொர்னாடோ சுழன்றுகொண்டே போவது. அது போன தடம் குறுகலாக, கோடு கிழித்தாற்போல இருக்கும். அந்தத் தடத்துக்குள் மரங்கள் முறுக்கிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வெவ்வேறு திசையில் கிடக்கும். உங்கள் தோட்டத்தில் அடித்தது இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்த இறங்குகாற்று. மேகத்திலிருந்து விழும் மழை, அடியில் உள்ள காய்ந்த காற்றில் பாதி ஆவியாகிவிடும். அதனால் அந்தக் காற்று குளிர்ந்து, கனத்து, மொத்தமாகத் தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். மோதிய இடத்துக்கு ஒரு பக்கமாக உள்ள தோட்டத்தில் அது ஒரே திசையில்தான் அடிக்கும். மழைக்கு முன்னால் காற்று வந்தது அதனால்தான். 1974-இல் அமெரிக்காவில் சூறையாடப்பட்ட காடுகளை விமானத்திலிருந்து பார்த்த ஃபுஜிதா என்ற விஞ்ஞானி, சில இடங்களில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்துத்தான் இந்தக் காற்றைத் தனியாக அடையாளம் கண்டார். இதை லேசாக எண்ண வேண்டாம். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

இனி, சில ஊர்களில் மட்டும் டொர்னாடோ ஏன் அடிக்கடி வருகிறது? தரையை ஒட்டி வெக்கையும் ஈரமுமான காற்று வேண்டும். அதற்கு மேலே காய்ந்த, குளிர்ந்த காற்று வேண்டும். உயரே போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் மாற வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் காற்று ஓடினால், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே குச்சியை உருட்டுவதுபோல நடுவில் உள்ள காற்று படுக்கைவாக்கில் சுழலும். மேலெழும் இடிமேகம் அந்தச் சுழலைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். பிறகு மேகமே சுழல ஆரம்பிக்கும், மணிக்கணக்கில் அடங்காது. அப்படிச் சுழலும் மேகங்களில் சிலதான் டொர்னாடோவைத் தரைக்கு இறக்குகின்றன.

டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ் சமவெளியில் வசந்த காலத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுகின்றன. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரம், மேற்கே ராக்கி மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று, அதற்கும் மேலே வேகமாக ஓடும் ஜெட் காற்று. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோ வருகின்றன; பெரும்பாலானவை வலுவற்றவை. நம் பக்கத்தில் இதே சேர்க்கை வங்காளத்தில் உண்டு: வங்கக்கடலின் ஈரம், சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து வறண்ட காற்று, மேலே மேற்கிலிருந்து வரும் ஜெட் காற்று. 1989 ஏப்ரல் 26-இல் வங்கதேசத்தின் தவுலத்பூர், சதூரியா பகுதியில் சுமார் 1,300 பேரைக் கொன்றது ஒரே ஒரு டொர்னாடோ. 2024 மார்ச் 31-இல் ஜல்பைகுரி மாவட்டத்து மயினாகுரியிலும் வந்தது.

நீலகிரியில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுவது மிக மிக அரிது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் ஈரமும் இருக்கும், ஆனால் மேல்காற்றில் வேகம் இருக்காது. மேகம் எழுந்த இடத்திலேயே கொட்டிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஜூனுக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும், ஆனால் வானம் மூடி, எல்லா உயரத்திலும் ஈரமாகவே இருப்பதால் மேகத்துக்கு அந்த மூர்க்கமான எழுச்சி கிடையாது. மலை தடுத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 1987-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் மலைக்காட்டில் ஒரு டொர்னாடோ ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம்வரை ஏறிப் போனது. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

ஆக, குடிலுக்கு எதிரி நேராக அடிக்கும் காற்று. 2018-இல் கஜா புயல் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்ததும் இந்த வகைதான். புயலும் சுழல்வதுதான் என்றாலும் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது, அதனால் ஓர் இடத்தில் நிற்பவருக்கு நேர்க்காற்றாகவே தெரியும். மலை உச்சி, இரண்டு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளம் ஆகிய இடங்களில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். குடிலை அங்கே வைக்காதீர்கள்.

கூரை பிய்வது பெரும்பாலும் உள்ளே புகுந்த காற்றால்தான். ஒரு பக்கத் திரை திறந்திருந்தால் உள்ளிருந்து தள்ளும், அதே நேரம் கூரைக்கு மேலே ஓடும் காற்று உறிஞ்சும். ஆகவே மதியத்தில் மேகம் கறுத்துக் குளிர்க்காற்று தொட்டதுமே நாலு பக்கத் திரைகளையும் இறக்கிக் கட்டிவிடுங்கள். கதவையும் மறக்க வேண்டாம், பலர் விடுவது அதைத்தான். ஷீட்டைப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பி துருப்பிடித்திருந்தால் சீசனுக்கு முன்பே மாற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்து வேறு வழியில்லை என்றால் ஷீட்டை அறுத்துவிடுங்கள். ஷீட் போனால் போகட்டும், இரும்புச் சட்டம் மிஞ்சும்.

காற்று வரும் பக்கம் உயிர்வேலி வையுங்கள். சுவர்போல அடைத்து நிற்காமல் கொஞ்சம் காற்றை உள்ளே விடும் வேலியே நல்லது. அடைத்த வேலிக்குப் பின்னால் காற்று சுழித்து இறங்கும். குடில்மேல் சாய்ந்து நிற்கும் கற்பூர மரம் இருந்தால் நீங்களாக வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு மரம் சாய்ந்திருக்கும் போட்டோவையும் வையுங்கள். ஆபத்து அவசரம் என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லலாம்.