ஆலயப் பாடகர் குழாமில் ஓய்வே இல்லை. பாடும் சந்தோஷத்தைத் தொலைக்காமல் இருப்பது எப்படி?

ஞாயிறு பூசை, ஒத்திகை, கல்யாணம், அடக்கம், திருவிழா என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, "இப்போது பாட்டென்றாலே இன்னொரு வேலை மாதிரி இருக்கிறது, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு நகரில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆல்டோ, அதாவது பெண்குரல்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவள் நான். என் பதில்: விட வேண்டாம், முதலில் மூச்சு விடப் பழகுங்கள்.

மூச்சு என்று உண்மையான மூச்சைத்தான் சொல்கிறேன். ஒரு சுரத்தை நீளமாக இழுத்துப் பிடிக்க வேண்டிய இடம் வருகிறது என்று வையுங்கள். யாராலும் ஒரே மூச்சில் முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள், பாட்டு அங்கே அறுந்து விழும். பழகிய குழாம் அப்படிச் செய்யாது. ஆளுக்கு ஓர் இடத்தில், ஓசை நீண்டுகொண்டிருக்கும்போதே சத்தத்தை மெல்லக் குறைத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, வந்த சுவடு தெரியாமல் திரும்பச் சேர்ந்துகொள்வோம். பக்கத்தில் நிற்பவர் நிறுத்தும் நேரத்தில் நீங்கள் நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான் விதி. ஆலய வாங்குகளில் இருக்கிற சனத்துக்கு ஒரே நீளமான பாட்டுத்தான் கேட்கும்.

இதை எங்களுக்குப் பழக்கியவர் எங்கள் நகரின் டச்பார் பக்கமிருந்து வருகிற ஒரு பறங்கி அங்கிள். மட்டக்களப்புப் பறங்கியரைத் தெரியாதவர்களுக்காக: போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கர்கள், அவர்களில் மூத்தவர்கள் சிலர் இன்னும் தங்கள் போர்த்துக்கேயக் கிரியோலைப் பேசுவார்கள். தச்சுவேலையும் இரும்புவேலையும் பரம்பரைத் தொழில். கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் வயலினும் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது கல்யாணமே இல்லை. அங்கிளும் வயலின்காரர்தான். ஒத்திகையில் வில்லை நீட்டி அவர் சொல்வது: "உன்ட சத்தம் மட்டும் கேட்டா நீ கத்துறாய். பக்கத்துப் புள்ளைட சத்தம் மட்டும் கேட்டா நீ நித்திரை. ரெண்டும் கேக்கணும் புள்ள."

இரண்டும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் குழாம் என்றால் என்னவென்று பிடிபட்டது. நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்காது. என் வேலையிடத்தில் நான் ஒரு நாள் போகாவிட்டால் மேசையில் கோப்பு குவியும், வீட்டில் சொல்லவே வேண்டாம். பாட்டில் மட்டும்தான், நடுவில் கொஞ்சம் இல்லாமல் போக எனக்கு அனுமதி இருக்கிறது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது குழாமில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதில் உடம்பு சார்ந்த காரணமும் உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் காட்டினார்கள். பாட்டின் வரி மூச்சை நடத்துகிறது, வெளிமூச்சு நீளும்போது துடிப்பு தணிகிறது. வேலை முடிந்து, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, பசியோடும் எரிச்சலோடும் ஒத்திகைக்கு வந்த ஒருத்தி இரண்டாவது பாட்டுக்குள் ஆளே மாறிப்போவதை நான் கண்டிருக்கிறேன். பல நாள் அந்த ஒருத்தி நானேதான்.

சரி, வேலைப் பளு. அது பொய்யில்லை. பெரிய வாரத்தை எடுங்கள்: குருத்து ஞாயிறு பவனி, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி இரவு உயிர்ப்பு விழாவுக்காக விழித்திருக்கும் பாஸ்கா திருவிழிப்பு, விடிந்தால் மறுபடி ஞாயிறு பூசை. திருவிழிப்பில் மட்டும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பதிலுரைப் பாடல். எல்லாப் பங்கிலும் ஏழையும் வாசிப்பதில்லை, ஆனால் எங்கள் ஃபாதருக்கு ஏழும் வேண்டும்! மார்கழியில் இன்னொரு கூத்து. பள்ளிக்கூடம், வங்கி, அரசாங்க அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒளிவிழா என்று நத்தார் விழா வைப்பார்கள், எல்லாவற்றுக்கும் அதே பத்துப் பதினைந்து பேர்தான் போக வேண்டும். அது எங்களுக்கு மழைக்காலம் வேறு. பாட்டுத் தாளை பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் கரோல் பாடப் போவோம். தொண்டை கட்டிவிடும், தேசிக்காய்க்கும் இஞ்சிக்கும் தட்டுப்பாடு வரும்.

ஆனால் கவனித்துப் பார்த்தால் வழிபாடே மூச்சு வாங்கும் இடங்களை வைத்திருக்கிறது. உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது. ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம் கிடையாது. இசைக்கருவிகள் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான். எங்கள் கீபோர்ட் தம்பிக்கு இந்தக் காலம் பிடிக்காது, எனக்கு இதுதான் பிடிக்கும். (கீபோர்டிலேயே பதிந்து வருகிற அந்த 'ரிதம்' பட்டனுக்கு ஆண்டு முழுவதும் தவக்காலம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.) அப்புறம் திருவிழிப்பு இரவில் குருவானவர் அல்லேலூயாவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றிப் பாட, நாங்கள் திருப்பிப் பாடுவோம். ஒரு வாரமாகப் பாடித் தேய்ந்த தொண்டையிலிருந்து அந்த மூன்றாவது அல்லேலூயா எப்படி வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தவக்காலம் முழுவதும் அடக்கி வைத்திராவிட்டால் வராது என்பது மட்டும் தெரியும். எல்லா ஞாயிறையும் கச்சேரியாக்குகிற குழாம்தான் சீக்கிரம் களைத்துப்போகிறது.

இன்னொன்று: முழுப் பாட்டையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. சனம் ஈடுபட்டுப் பங்கெடுக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. சனத்தை முற்றாக விலக்கி எல்லாப் பாட்டையும் குழாமே பாடுவது தகாது என்று 1967இல் வத்திக்கான் தனியாக ஓர் அறிவுறுத்தலும் வெளியிட்டது. நடைமுறையில் இதற்கு வழி மிக எளிது, சுருதியை இறக்குங்கள். உச்சக் குரலில் பாடுகிற சோப்ரானோக்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஒரு படி இறக்கினால் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஐயாவும் வாயைத் திறப்பார். அவர் திறந்துவிட்டால் உங்கள் தொண்டைக்குப் பாதி வேலை குறைவு.

"ஒரு ஞாயிறாவது சும்மா இருக்கக் கிடைக்காதா" என்று நானும் ஏங்கியவள்தான். கிடைத்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. எங்கள் நகரிலேயே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, செத்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். அடுத்து வந்த ஞாயிறுகளில் நாட்டில் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. கொழும்பில் கர்தினால் ஒரு சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வீட்டு விறாந்தையில் இருந்து நான் மட்டும் ஆல்டோ பாடினேன். ஆல்டோவைத் தனியாகப் பாடிப் பாருங்கள், அது பாட்டே இல்லை, பாதி விடுகதை. திரும்பவும் ஆலயம் திறந்தபோது வாசலில் பையைச் சோதித்தார்கள், ஒத்திகை நீண்டது, யாரும் முறையிடவில்லை. அந்தப் பொறுமை நெடுநாள் நீடித்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஒளிவிழாக் காலத்தில் வட்ஸ்அப் குழுவில் பழையபடி சண்டைதான்.

எனக்கு அதிகம் தந்தது எது என்று கேட்டால், பெருவிழாக்களைச் சொல்ல மாட்டேன். கிழமை நாளில் பின்னேரம் நடக்கிற அடக்கப் பூசைகளைத்தான் சொல்வேன். லீவு எடுக்கக்கூடியவர்கள் மட்டும் வருவோம், நாலைந்து பேர். ஒருமுறை ஒரு அம்மம்மாவின் அடக்கம். பிள்ளைகள் கனடாவிலும் கட்டாரிலும், பேரன் ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். சோப்ரானோ ஒருத்தரும் இல்லை. நாங்கள் தாழ்ந்த சுருதியில் தொடங்க, பெட்டி தூக்க வந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். சேமக்காலைக்கு, அதாவது கல்லறைக்கு, புறப்படும் நேரம் பேரன் ஓடிவந்து, "அக்கா, மாமி அழுறா, அந்தப் பாட்டை இன்னொருக்காப் பாடட்டாம்" என்றான். கைப்பேசியைப் பார்த்து இன்னொருக்காப் பாடினோம். ஒத்திகை பார்க்காத பாட்டு, பிசிறும் இருந்தது. அதற்குப் பிறகு அடக்கப் பூசைக்கு அழைப்பு வந்தால் நான் முணுமுணுப்பதில்லை.

கடைசியாக, ஆள் ஒழுங்கு. மூச்சை மாற்றி மாற்றி வாங்குவதுபோல ஆட்களையும் மாற்றி மாற்றி விடுங்கள். அடக்கத்துக்கு ஓர் அணி, கல்யாணத்துக்கு ஓர் அணி, ஞாயிறுக்கு எல்லோரும். ஒரு வழிபாட்டுக் காலம் முழுவதற்கும், பூசையில் எப்போதும் வருகிற 'தூயவர்', 'செம்மறி' பாடல்களுக்கு ஒரே மெட்டுப் போதும், ஒவ்வொரு வாரமும் புதுசு எதற்கு? லீவு வேண்டுமென்றால் பெந்தெகோஸ்து முடிந்து பொதுக்காலம் தொடங்கும்போது கேளுங்கள். அதையும் ஒத்திகை நடத்துபவரிடம் நேரே சொல்லுங்கள், இரவோடிரவாகக் குழுவை விட்டு வெளியேறிவிட்டு மற்றவர்களைக் குழப்ப வேண்டாம். எங்கள் சோப்ரானோ ஒருத்தி பிள்ளை பிறந்ததும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஒதுங்கினாள். செப்டம்பரில் ஆயித்தியமலை மாதா கோவில் திருவிழாவுக்குப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நேரே வந்து தன் இடத்தில் நின்றாள். சுருதியை இறக்கிவிட்டோம் என்று கண்டதும் அங்கேயே எங்களோடு சண்டை பிடித்தாள்.