வேட்டைக்குத் தடை இருக்கும்போது கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வளர்ப்பதில் அர்த்தம் உண்டா?

உண்டு. என் வீட்டில் ஏழு வருடமாக ஒரு கன்னி நாய் இருக்கிறாள். இதுவரை ஒரு முயலைக்கூட அவள் பிடித்ததில்லை. ஆனாலும் அவளைப் போல நிறைவாக இருக்கும் நாயை நான் அதிகம் பார்த்ததில்லை. கேள்வி கேட்டவர், "வேட்டைக்கென்றே பிறந்த நாயை வேட்டைக்கு விடாமல் வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை ஆகாதா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இதையே நானும் பல நாள் யோசித்துக் குழம்பியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர்கள். 1960களில் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பெரியவர்களோடு முயலுக்குப் போயிருக்கிறார். பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த செடியான மாரைப் பிடுங்கிய பிறகு காடு வெறிச்சென்று கிடக்கும். நாலைந்து பேர் வரிசையாகப் புதரைத் தட்டிக்கொண்டே நடப்பார்களாம். காட்டு முயல் வளை தோண்டாது. புதர் ஓரத்தில் சின்னப் பள்ளத்தில் உடம்பை ஒடுக்கிப் படுத்திருக்கும், காலடி கிட்டே வரும்வரை அசையாது. அது எழுந்து ஓடின கணத்தில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். நேர் ஓட்டத்தில் நாய் எட்டிப் பிடித்துவிடும். ஆனால் நாய் வாயைத் திறக்கும் நேரத்தில் முயல் சட்டென்று ஒரு பக்கமாக வெட்டும். வேகத்தில் வந்த நாய் அடக்க முடியாமல் பத்தடி தாண்டிப் போய்த் திரும்பும். இப்படி நாலு வெட்டு வெட்டினால் முயல் உடைமரக் கூட்டத்துக்குள் போய்விடும், அத்தோடு ஆட்டம் முடிந்தது. பிடித்துவிட்டால் நல்ல நாய் கிழிக்காமல் கவ்விக் கொண்டுவந்து காலடியில் போடும். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: "முயல் கிடைக்காத நாள்ல நாங்கதான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வருவோம். நாய் வாலை ஆட்டிக்கிட்டேதான் வரும்."

எனக்கு இந்த ஒரு வரியில்தான் பதில் கிடைத்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் பலர் 'முயல்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்று நினைக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. காட்டு முயல் அதில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கொல்வது மட்டும் அதில் இல்லை. துரத்துவது, கலைத்து ஓட்டுவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கான முயற்சி என எல்லாமே வேட்டைதான். அதாவது நாயை முயல் மேல் ஏவிவிட்டு, அது தப்பிப் போனாலும் நீங்கள் செய்தது வேட்டை. உடும்பும் மயிலும் அந்தச் சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பவை, தண்டனை இன்னும் கடுமை. நாய் வேட்டையாடுவதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, அதை வைத்தே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சரி, பாரம்பரியம் என்னாவது என்று கேட்பார்கள். கன்னியாகுமரி பகவதி அம்மன் நவராத்திரி முடிவில் பரிவேட்டைக்கு, அதாவது அம்மன் வேட்டையாடுவதாக நடத்தும் சடங்குக்கு, மகாதானபுரம் போகிறாள். அங்கே அம்பு எய்கிறார்கள், கூட்டம் அலைமோதுகிறது, ஒரு காட்டு விலங்கின் உயிரும் போவதில்லை. அந்தத் திருவிழாவை யாரும் குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நாய்க்கு வருகிறேன். கன்னி என்பது நிறத்தை வைத்து வந்த பெயர் என்றுதான் எங்கள் பக்கத்தில் புரிந்துகொள்கிறோம். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு, நெஞ்சிலும் காலிலும் பழுப்பு. எங்கள் ஊர்க் கன்னி ஆட்டுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். செவலை, மயிலை போன்ற மற்ற நிறங்களைச் சிப்பிப்பாறை என்பார்கள். இரண்டுக்கும் உடல்வாகு ஒன்றுதான்: ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி. இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய்கள். முழு ஓட்டத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும்பும். முதுகுத்தண்டு வில் மாதிரி வளைந்து நிமிரும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உடம்பு சின்னச் சின்ன ஓட்டத்துக்கானது. நாள் முழுக்க ஓட இவை பிறக்கவில்லை. என் நாய் காலையில் மூன்று நிமிடம், நாலு நிமிடம் பறப்பாள். அதற்குப் பிறகு திண்ணையில் படுத்தால் மத்தியானம் வரை தூக்கம்தான். அப்பா சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நாய்க்குச் சந்தோஷம் துரத்துவதில் இருக்கிறது, ஓடி முடித்துத் திரும்பி வரும்போது ஒருவர் தட்டிக் கொடுப்பதில் இருக்கிறது. முயல் நமக்குத்தான் தேவைப்பட்டது. நமக்கு இப்போது அது தேவையில்லை.

இதை நான் எளிதாகப் புரிந்துகொள்ளவில்லை. அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது வற்றிய கண்மாய்க்குள் சாயங்காலம் அவிழ்த்துவிடுவது வழக்கம். கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை. வீட்டு முற்றத்தில் நூறு முறை கூப்பிட்டு நூறு முறை வந்தவள்தான். அன்றைக்குக் கரையோரத்தில் ஒரு முயல் எழுந்தது. நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இருநூறு அடி போய்விட்டாள். துரத்தும்போது இந்த நாய்களுக்குக் காது கேட்காது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் அன்றைக்குத்தான் தெரிந்தது. முயல் ஒரு வேலிக்கு அடியில் புகுந்தது. அது புதிதாக முள்கம்பி அடித்த வேலி, மங்கிய வெளிச்சம். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

சத்தம்கூடப் போடவில்லை. நான் ஓடிப் போனபோது நின்றுகொண்டுதான் இருந்தாள். தோளிலிருந்து விலா வரை தோல் துணி மாதிரி மடங்கித் தொங்கியது. பத்தொன்பது தையல். தைத்த கால்நடை மருத்துவர் அன்றைக்குச் சொன்ன இரண்டு விஷயங்களை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்று, இந்த இன நாய்களுக்குத் தோல் மிக மெல்லியது, அடியில் கொழுப்பு கிடையாது, மற்ற நாய்க்குக் கீறலாகப் போவது இவற்றுக்குக் கிழிசல் ஆகும். இரண்டு, அதே கொழுப்பில்லாத உடம்பினால் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் ஆகும். எந்த அறுவைக்கு முன்பும் 'இது ஒல்லி ஓட்ட நாய்' என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அந்த முயல் தப்பியது. அதற்கு நான் இன்றும் சந்தோஷப்படுகிறேன். புதருக்குள் அதற்குக் குட்டிகள் இருந்திருக்கலாம். முயல்குட்டி பிறக்கும்போதே முடியோடு, கண் திறந்துதான் பிறக்கும். தாய் அவற்றை மறைவாக விட்டுவிட்டு மேயப் போகும். தாய் திரும்பாவிட்டால் குட்டிகளுக்கு வேறு கதி இல்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது இதுதான். திறந்த காட்டில் அவளை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் தோட்டத்தில் ஒரு ஏக்கர் சுற்றிலும் வலை வேலி இருக்கிறது, ஓட்டம் அதற்குள்தான். பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டயரைக் கழற்றிய பின்சக்கரத்தில் நைலான் கயிற்றைச் சுற்றுகிறேன். கயிற்று நுனியில் பழைய துண்டு ஒன்று. மகன் பெடலைக் கையால் சுற்றினால் துண்டு தரையில் துள்ளிக்கொண்டு பறக்கும். நடுவில் இரண்டு முளைக்குச்சி அடித்துக் கயிற்றை வளைத்து விட்டால் துண்டு முயல் மாதிரியே வெட்டும். முதல் நாள் அவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்து அப்பா எழுந்து நின்றுவிட்டார். பிடித்ததும் துண்டை உதறிவிட்டு, கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள். அவர் வெகுநேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் இல்லாதவர்கள் ஒரு மூங்கில் கழியில் கயிறும் துணியும் கட்டிச் சுழற்றினாலே போதும். மூன்று ஓட்டத்துக்கு மேல் வேண்டாம், வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், ஓடும் வெறியில் அது தானாக நிறுத்தவும் செய்யாது. சாப்பிட்டவுடன் ஓடவிடக் கூடாது, ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். ஒரு வயது முடியும்வரை கடும் ஓட்டமும் வேண்டாம்.

தெருவில் கூட்டிப் போகும்போது சாதாரணக் கழுத்துப்பட்டையை நம்பாதீர்கள். இவற்றுக்குத் தலை கழுத்தைவிடச் சிறியது, பின்னால் ஒரு இழு இழுத்தால் கழன்றுவிடும். அகலமான பட்டை அல்லது நெஞ்சோடு சேர்த்துப் போடும் பட்டைதான் சரி. நீளக் கயிற்றில் விடுவதாக இருந்தால் நெஞ்சுப்பட்டை கட்டாயம். முழு வேகத்தில் போய்க் கயிறு இழுத்து நிற்கும்போது கழுத்து ஒடிந்துவிடலாம்.

தடுப்பூசியை ஏன் இந்தப் பதிலில் எழுதுகிறேன் என்றால், காட்டை ஒட்டி நாய் வளர்ப்பவர்களுக்கு அது வெறும் சொந்த விஷயம் கிடையாது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் ஒரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றுக்கு நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நம் பக்கத்தில் குள்ளநரிக்கும் கீரிக்கும் அதே ஆபத்து உண்டு. வெறிநோய் ஊசியோடு இந்த ஊசியையும் தவறாமல் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் நாயின் பெருமை வேட்டையில் மட்டும் இருந்ததாக நினைப்பது தவறு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த ஒரு வீரனோடு, அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு அப்புறமும் நமக்கு ஒரு நாயின் பெயர் தெரிகிறது என்றால், அது காவல் நின்றதால்தான். என் நாயும் ராத்திரி ஆட்டுத் தொழுவத்தின் வாசலில்தான் படுக்கிறாள். ஆடு திருடர்கள் நடமாடின ஒரு மாசி மாதத்தில் இரண்டு முறை எங்களை எழுப்பிவிட்டிருக்கிறாள். குட்டியிலேயே ஆட்டோடும் கோழியோடும் பழக்கியதால் அவற்றைத் தொட மாட்டாள். பெரிதான பிறகு வாங்கிய நாயிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

2020இல் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசிய பிறகு குட்டிகளுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. அதன்பின் நகரத்தில் வாங்கியவர்களில் சிலர் ஒரு வருடத்திலேயே தெருவில் விட்டதைப் பார்த்து மனசு வலித்தது. அடுக்குமாடி வீட்டில் இந்த நாய் வாழும், அமைதியாகவே வாழும். ஆனால் தினமும் விடிகாலையில் நீங்கள் எழுந்திருக்க வேண்டும், ஓடுவதற்கு வேலி போட்ட ஓர் இடம் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால் நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். தாயும் தகப்பனும் ஒரே ஈற்றில் பிறந்தவையா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், பலர் அப்படிச் சேர்த்துத்தான் குட்டி எடுக்கிறார்கள். 'தாய் எத்தனை முயல் பிடித்தது' என்று பெருமை பேசுபவரிடம் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் பக்கம் கிடை போடும் ஆட்டுக்காரர்களிடம் இன்னும் நல்ல வர்க்கம் இருக்கிறது. இரண்டு மாதம் முடியாத குட்டியை அவர்கள் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்க மாட்டார்கள், அதுவரை காத்திருங்கள்.