4டி1 புற்றுநோய்ச் செல்களில் டிஜாக்சின் என்ற இதய மருந்து வேலை செய்யாதது ஏன்?

மருந்து கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. 100 நானோமோலார் செறிவில் ஹீலா (மனிதப் புற்றுநோய்ச் செல்) சாகிறது, 4டி1 அசையவில்லை என்றால் காரணம் இனம்தான்: 4டி1 சுண்டெலிச் செல்.

டிஜாக்சின், அதே வகை மருந்தான ஊவாபைன் இரண்டும் செல் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதத்தின் ஆல்ஃபா-1 துணை அலகில் ஒட்டுகின்றன. அதன் அமினோ அமில வரிசையில் 111, 122ஆம் இடங்களில் மனிதருக்கு குளூட்டமின், அஸ்பராஜின். சுண்டெலிக்கு ஆர்ஜினின், அஸ்பார்டிக் அமிலம். சுண்டெலியின் இந்த இரண்டிலும் உள்ள மின்னேற்றம் மருந்தைப் பிடிக்கவிடாது.

உறுதிசெய்ய ஊவாபைன் எடுங்கள்; டிஜாக்சின் அதிகச் செறிவில் படிந்துவிடும். 10 நானோமோலாரிலிருந்து 1 மில்லிமோலார் வரை பத்துப் பத்து மடங்காக, இரு செல்களுக்கும் ஒரே தட்டில், 48 மணி நேரம். மீடியமும் (செல் வளர்க்கும் திரவம்) ஒன்றாகவே இருக்கட்டும். பொட்டாசியம் கூடினால் மருந்து ஒட்டுவது குறையும். 4டி1 பல பத்து, பல நூறு மைக்ரோமோலாரில்தான் சரியத் தொடங்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஹீலாவைச் சுண்டெலிக்குள் வளர்த்து மருந்து கொடுத்தால் கட்டி மட்டும் சுருங்கும், அதே இன வேறுபாட்டால் சுண்டெலி தாங்கிவிடும். அதைப் புற்றுநோயை மட்டும் தாக்கும் தன்மை என்று எழுதிவிடாதீர்கள். ஒப்பிட, புற்றுநோய் இல்லாத மனித ஃபைப்ரோபிளாஸ்டையும் (இணைப்புத் திசுச் செல்) கட்டாயம் சேருங்கள். இதய நோயாளியின் ரத்தத்தில் டிஜாக்சின் 1 முதல் 2 நானோமோலார் அளவில்தான் இருக்கும். உங்கள் 100 நானோமோலார் மனித உடலுக்கு நஞ்சு.